எங்கள் பேண்டு செட்டுக்கு நைஜீரியாக்காரர் எழுதிய பாட்டு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் எழுத வேண்டிய ஒன்றை, பேண்டு செட்டில் பெரிய டிரம் அடிக்கிற நான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. இசையைப் பற்றி எழுதுகிற அளவுக்கு இசை தெரியுமா என்றால் அதுவும் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒரு தோல், ஒரு குச்சி, ஊர்வலத்தில் கால் எந்த வேகத்தில் போக வேண்டும் என்பது, அவ்வளவுதான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். பெரிய டிரம்மை நான் கேட்டு வாங்கியதற்கே அதுதான் காரணம். அதை மாட்டிக்கொண்டால் கழுத்துக்குக் கீழே ஆள் தெரியாது. கொஞ்சம் குனிந்தால் முகமும் தெரியாது.

இருந்தாலும் ஒரு மார்கழி மாதம் எங்களுக்கு நடந்ததை யாராவது எழுதி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. எங்கள் மாஸ்டருக்கு எழுதுகிற பொறுமை கிடையாது. என் மச்சான் எழுதினால் பாதி பொய்யாக இருக்கும். மற்றவர்கள் எல்லாம், நீயே எழுதிவிடு, நீதான் சும்மா இருக்கும்போது பேப்பர் படிக்கிறவன் என்று சொல்லிவிட்டார்கள்.

எங்கள் செட்டு அரியலூரில் இருக்கிறது. ரெட்டிபாளையம் பக்கம் போகிற சிமெண்டு லாரிகள் திரும்பும் சாலையில், லாரிப் பட்டறைகளுக்கு நடுவில் ஒரு தகரக் கொட்டகை. மாஸ்டர் கிளாரினெட் வாசிப்பார். இன்னொரு கிளாரினெட், இரண்டு டிரம்பெட், அடிக்குரலுக்குப் பெரிய பித்தளைக் குழலாக ஒரு யூபோனியம், சைடு டிரம், ஜால்ரா, பெரிய டிரம். டிரம்பெட் ஊதுகிற இரண்டு பேரில் ஒருவன் என் மனைவியின் தம்பி. அவனைத்தான் மச்சான் என்று எழுதுகிறேன். கல்யாண ஊர்வலம், சாமி ஊர்வலம், வரதராஜன்பேட்டையில் மாதா தேர், சாவு, கடை திறப்பு என்று எதற்குக் கூப்பிட்டாலும் போவோம். ஊதுவது எல்லாம் வெள்ளைக்காரன் வாத்தியம். ஆனால் நோட்டு பார்த்து வாசிக்க எங்களில் ஒருவருக்கும் தெரியாது. மாஸ்டர் ஒரு பாட்டை இரண்டு முறை கேட்டால் வாசித்துவிடுவார். அவரைப் பார்த்து நாங்கள் பிடித்துக்கொள்வோம்.

அந்த வருஷம் கார்த்திகை கடைசியில் பெரம்பலூரில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. எங்களுக்குப் பின்னால் ஒரு டவுன் பஸ் மாட்டிக்கொண்டு ஆரன் அடித்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து உயரமான ஓர் ஆள் இறங்கி எங்களோடு நடக்க ஆரம்பித்தார். பெரம்பலூரைச் சுற்றி காலேஜ்கள் அதிகம். ஆப்பிரிக்காவில் இருந்து வந்து படிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். சிலர் போன் எடுத்துப் படம் பிடிப்பார்கள், போய்விடுவார்கள். இவர் படம் பிடிக்கவில்லை. மண்டபம் வரைக்கும் எங்கள் காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஊர்வலம் முடிந்து நாங்கள் வாசலில் உட்கார்ந்ததும் மாஸ்டரிடம் வந்தார்.

"அண்ணா, நான் மியூசிக் எழுதுவேன். உங்களுக்கு ஒண்ணு எழுதட்டுமா?"

தமிழ் கேட்டதில் மாஸ்டருக்கே திகைப்பு. "எழுதலாம் தம்பி. கல்யாணம் யாருக்கு?"

"கல்யாணம் இல்ல."

"அப்ப சாவா?"

"யாரும் சாகல அண்ணா. சும்மா வாசிக்க."

"சும்மா எதுக்குத் தம்பி வாசிப்பாங்க?" என்றார் மாஸ்டர். அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. நாங்கள் எட்டுப் பேரும் அதுவரை ஒரு காரியமும் இல்லாமல் எதையும் வாசித்ததில்லை.

வந்தவர் படிக்கட்டில் எங்களோடு உட்கார்ந்து சொன்னார். சொந்த நாடு நைஜீரியா. பெரம்பலூரில் இன்ஜினியரிங் கடைசி வருஷம், தமிழ் ஹாஸ்டல் பிள்ளைகளிடம் பிடித்துக்கொண்டது. இன்ஜினியரிங் அப்பா ஆசைப்பட்டது. அவருக்கு ஆசை இசை எழுதுவது. வெளிநாட்டில் ஒரு காலேஜில் அதற்கென்றே படிப்பு இருக்கிறதாம். அவரே எழுதிய பாட்டு ஒன்றை, ஆட்கள் நேரில் வாசிக்க, ஒரே தடவையில் பதிவு செய்து அனுப்ப வேண்டும். கம்ப்யூட்டர் சத்தம் கூடாது. வெட்டி ஒட்டக் கூடாது. பத்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. ஜனவரி பத்தாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். அனுப்பாவிட்டால் அடுத்த கோடையில் ஊருக்குத் திரும்பி, அப்பா பார்த்து வைத்திருக்கும் கம்பெனி வேலையில் சேர்ந்தாக வேண்டும். பெரம்பலூர், அரியலூர், திருச்சி வரைக்கும் சர்ச் சர்ச்சாகப் போய்த் தேடிவிட்டார். எல்லா இடத்திலும் கீபோர்டு ஒன்றுதான் இருந்தது.

"வாயால ஊதுறவங்க நீங்க மட்டும்தான் அண்ணா கிடைச்சீங்க."

"ஊதுறதுக்கு நாங்க, எழுதுறதுக்கு நீ. நல்லாத்தான் இருக்கு" என்றான் மச்சான்.

மாஸ்டர் விரலை மடக்கி நாளை எண்ணினார். "மார்கழியில முகூர்த்தம் கிடையாது. சும்மாதான் உக்காந்திருப்போம். ஞாயித்துக்கிழம ஷெட்டுக்கு வா தம்பி" என்றார்.

அவர் வந்தபோது கையில் ஒரு கட்டுக் காகிதம். ஆளுக்கு ஒன்று எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஐந்து கோடு, அதன்மேல் புள்ளி புள்ளியாக. யூபோனியக்காரர் தன்னுடையதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்குப் படிக்கத் தெரியாது என்பது எழுதி வந்தவருக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் முகத்தில் ஏமாற்றம் தெரியும் என்று நினைத்து நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் காகிதத்தை எல்லாம் திரும்ப வாங்கி அடுக்கிப் பைக்குள் வைத்தார். பிறகு ஒவ்வொருவராகத் தன் எதிரில் உட்கார வைத்து, அவரவர் பகுதியை வாயாலேயே பாடி, அவரவர் போனுக்கு அனுப்பினார். கிளாரினெட்டைக் கிளாரினெட் மாதிரியே பாடினார். யூபோனியத்துக்குக் கன்னத்தை உப்பிக்கொண்டார். மாஸ்டர் அதைக் கேட்டுக் கேட்டுத் தன்னுடையதை ச ரி க என்று ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டார்.

என் போனுக்கு வந்தது வெறும் தும், தும், தும்தான். அதை நான் பஸ்ஸில் போகும்போதும் கேட்டேன், ரேஷன் கடை வரிசையிலும் கேட்டேன்.

"எங்க அக்காகிட்டகூட போன்ல இவ்வளவு நேரம் பேசுனதில்லையே மாமா" என்றான் மச்சான்.

பாட்டு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரிந்த மட்டும் சொல்கிறேன். ஆரம்பத்தில் டிரம் எதுவும் கிடையாது. ஊதுகிற ஐந்து பேரும் நீளமாக, ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டது மாதிரி ஊத வேண்டும். சர்ச்சில் ஆர்கன் கேட்டிருப்பவர்களுக்குப் புரியும். அது முடிந்ததும் ஒரு இரும்புச் சத்தம் தொடங்கும். அதன் மேல் சைடு டிரம், அதன் மேல் நான், அதன் மேல் டிரம்பெட், எல்லாம் ஆட்டம். கடைசியில் முதலில் வந்த அந்த நீளமான ஊதல் திரும்ப வரும். ஆனால் இந்த முறை இரும்பும் டிரம்மும் நிற்காது. மேலே ஆர்கன் மாதிரி, கீழே ஆட்டம், இரண்டும் சேர்ந்தே போகும்.

இது எப்படித் தோன்றியது என்று மாஸ்டர் கேட்டார். அதற்கு அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. அவர்கள் ஊரில் சர்ச்சுக்கு உள்ளே ஆர்கன், வெளியே மைதானத்தில் ஆட்டக்காரர்கள். சிறு வயதில் அவர் பூசை நேரத்தில் கதவுப் பக்கத்திலேயே உட்காருவாராம். ஒரு காதில் இது, ஒரு காதில் அது. உள்ளே இருப்பவர்களுக்கு வெளிச்சத்தம் தொந்தரவு. வெளியே இருப்பவர்களுக்கு உள்ளே நடப்பது கேட்பதில்லை. "எனக்கு மட்டும் ரெண்டும் ஒரே பாட்டு" என்றார்.

இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எங்கள் கோயில் தேரின்போது ஒரு பக்கம் நாதஸ்வரம், ஒரு பக்கம் நாங்கள், யார் சத்தம் பெரிது என்று எத்தனை வருஷமாக மோதியிருக்கிறோம். அந்த இரண்டையும் சேர்த்துக் கேட்க முடியும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

இரும்புச் சத்தத்துக்கு அவர்கள் ஊரில் ஒகெனே என்று ஒரு கருவி. இரண்டு மணிகளை ஒட்டி வைத்தது மாதிரி இருக்கும், ஒன்று மேல் சத்தம், ஒன்று கீழ்ச் சத்தம். அதை இங்கே எங்கே வாங்குவது? பக்கத்து லாரிப் பட்டறைக்குப் போனார். கழற்றிப் போட்டிருந்த இரும்புகளை ஒவ்வொன்றாக ஸ்பேனரால் தட்டிக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டார். பட்டறைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். சாயங்காலம் வரைக்கும் தேடி இரண்டு குழாய்த் துண்டுகளை எடுத்தார். வெல்டிங் வைக்கிறவர் ஒட்டிக் கொடுத்துவிட்டு, "காசு வேணாம் தம்பி, ஆனா இது எதுக்குன்னு மட்டும் சொல்லிட்டுப் போ" என்றார். நைஜீரியாக்காரர் அங்கேயே நின்று அடித்துக் காட்டினார். அடுத்து ரிப்பேருக்கு நின்றிருந்த லாரியின் டிரைவர் ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அந்த ஒகெனேயை எங்கள் ஜால்ராக்காரரிடம் கொடுத்தார்.

எல்லாம் சரியாக வந்தது, வாசிப்பதைத் தவிர. வெளிநாட்டு வாத்தியக் குழுவை அவர் போனில் காட்டியிருந்தார். கோட் போட்டுக்கொண்டு அரைவட்டமாக நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். நாங்களும் அதே மாதிரி மடக்கு நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டு உட்கார்ந்தோம். முதல் பகுதி ஒழுங்காக வந்தது. ஆட்டம் ஆரம்பித்ததும் கலைந்துபோகும். இரும்பு ஓர் இடத்தில் விழும், நான் வேறு இடத்தில் விழுவேன். மூன்று மூன்றாக எண்ணினால் ஒரு மாதிரி இருக்கும், இரண்டு இரண்டாக எண்ணினால் வேறு மாதிரி. அவர் கேட்டது இரண்டும் ஒரே நேரத்தில். எனக்கு முதல் அடி எது என்றே தெரியவில்லை. பத்து நாளுக்கு மேல் இப்படியே போனது. மாஸ்டர் தலையைச் சொறிந்தார். மச்சான், "இது நைஜீரியா தாளம் இல்ல தம்பி, அரியலூர் ரோடு. குழியில விழுந்து விழுந்து போவுது" என்றான்.

அவர் அன்று எங்களை வாசிக்கச் சொல்லிவிட்டு, எதிரில் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டார். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. நாற்காலிக்குக் கீழே எங்கள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதியில் எழுந்து வந்து, "அண்ணா, எல்லாரும் எந்திரிங்க" என்றார். நாற்காலிகளை அவரே மடக்கி மூலையில் சாய்த்தார்.

"நடங்க."

"எங்க தம்பி?"

"பெரம்பலூர்ல நடந்தீங்களே, அப்படி."

கொட்டகைக்குள் வட்டமாக நடந்தோம். அவர் ஒகெனே அடித்தார். என்னிடம், "அண்ணா, காலை எண்ணாதீங்க. காலு தானா போகட்டும். நான் பாடினதைக் கை மட்டும் செய்யட்டும்" என்றார். இருபது வருஷத்துக்கு மேலாக நான் நடந்துகொண்டேதான் டிரம் அடித்திருக்கிறேன். உட்கார்ந்து அடித்ததே இல்லை. நடக்க ஆரம்பித்ததும் கால் இரண்டு இரண்டாகப் போனது, கை மூன்று மூன்றாக விழுந்தது. ஒன்றை ஒன்று இடிக்கவில்லை. இரண்டு சுற்று வந்திருப்போம், சைடு டிரம் தானாக உள்ளே வந்தது. மூன்றாவது சுற்றில் மாஸ்டர் கிளாரினெட்டை வாயில் வைத்தார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. டிரம் மறைத்ததால் யாரும் பார்க்கவில்லை.

அவர் பெரிய படிப்புப் படித்தவர். ஆட்களுக்கு நோட்டு தெரியவில்லை, தாளம் வரவில்லை என்று எங்களை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். எங்களை வேறு ஆளாக மாற்றவும் முயன்றிருக்கலாம். அவர் எங்களிடம் ஏற்கெனவே இருந்தது எது என்று பார்த்து அதை எடுத்துக்கொண்டார். பெரம்பலூரில் அவர் எங்கள் காலை ஏன் பார்த்துக்கொண்டு வந்தார் என்பதை நான் அப்புறம்தான் யோசித்தேன்.

பதிவுக்கு ஒரு கல்யாண மண்டபத்தை மாஸ்டர் கேட்டு வாங்கினார். மார்கழி, காலியாகத்தான் கிடந்தது. அனுப்ப வேண்டிய கடைசி நாளுக்கு முதல் நாள். காலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற நேரத்தில் டவுனுக்குள் லாரி விடமாட்டார்கள். அந்த நேரம்தான் கொஞ்சம் அமைதி. அதற்குள் முடிக்க வேண்டும். காலேஜில் யாரிடமோ மைக் இரவல் வாங்கி வந்து கம்பங்களில் கட்டியிருந்தார்.

நாங்கள் நிற்கிறபோது மண்டபம் கூட்டுகிற பெண்கள் நாலைந்து பேர் துடைப்பத்தோடு வந்தார்கள். பொங்கலுக்குப் பிறகு வரும் கல்யாணங்களுக்காகக் கழுவிவிடச் சொல்லியிருந்தார்களாம்.

"என்னா மாஸ்டரு, மார்கழியில எந்த வூட்டுக் கல்யாணம்?" என்றார் அவர்களில் மூத்த அக்கா.

"கல்யாணம் இல்லம்மா. ரெக்கார்டிங். கொஞ்சம் சத்தம் போடாம இருங்க."

"நாங்க எங்க சத்தம் போடுறோம்? நீங்கதான் எந்நாளும் போடுறீங்க."

நைஜீரியாக்காரர் அந்த அக்காவைப் பார்த்துக் கும்பிட்டு, "உக்காருங்க அக்கா. கேளுங்க" என்றார். "தமிழ்ல பேசுதே இந்தப் புள்ள" என்று அந்த அக்கா மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். சுவரோரமாக உட்கார்ந்தார்கள்.

நடுவில் அவர் நின்றார். அவரைச் சுற்றி நாங்கள் மெதுவாக நடந்துகொண்டு வாசிப்பதாக ஏற்பாடு. முதல் பகுதி, அந்த நீளமான ஊதல், வெறும் மண்டபத்தில் எதிரொலித்து எனக்கே வேறு யாரோ வாசிப்பது மாதிரி கேட்டது. ஒகெனே தொடங்கியது. நான் உள்ளே வந்தேன். ஒரு பிசகும் இல்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

அப்போது அந்த அக்கா எழுந்தார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார், முந்தானையை இடுப்பில் செருகினார், ஆட ஆரம்பித்தார். கும்மி மாதிரிதான், ஆனால் கை தட்டவில்லை. சத்தம் போடக் கூடாது என்று சொல்லியிருந்தோம் அல்லவா, கைகளைத் தட்டுகிற இடத்தில் ஒன்றோடு ஒன்று படாமல் நிறுத்திக்கொண்டார். மற்றவர்களும் எழுந்தார்கள். வெறுங்காலோடு, ஒரு சத்தமும் இல்லாமல், எங்கள் வட்டத்துக்கு வெளியே இன்னொரு வட்டமாக வந்தார்கள்.

இங்கே எங்கள் தொழில் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆள் ஆடிக்கொண்டிருக்கும்போது வாத்தியம் நிற்கக் கூடாது. கல்யாணத்தில் நிறுத்தினால் சண்டை வரும். கோயிலில் அருள் வந்து ஆடுகிறவர் இருக்கும்போது நிறுத்தினால் ஆள் அப்படியே விழுந்துவிடுவார். அதனால் ஆட்டம் நடக்கிற வரைக்கும் அந்த அடியையே திரும்பத் திரும்ப வாசிப்போம். மாஸ்டர் கிளாரினெட்டின் வாயை மேலே தூக்கினால், இன்னொரு சுற்று என்று அர்த்தம். யோசித்துச் செய்கிற காரியம் இல்லை இது. இருமல் வந்தால் இருமுகிற மாதிரி.

ஆட்டப் பகுதி முடிகிற இடம் வந்தது. அவர் கண்ணைத் திறந்து, கடைசிப் பகுதிக்குப் போகக் கையை உயர்த்தினார். அதே நேரத்தில் மாஸ்டரின் கிளாரினெட் மேலே போனது. எனக்கு இரண்டும் தெரிந்தது. என் கை கிளாரினெட் சொன்னதைத்தான் கேட்டது. எல்லார் கையும் அப்படியே. ஆட்டம் முதலில் இருந்து திரும்பியது. அடுத்த சுற்று முடிவில் அவர் மறுபடி கையை உயர்த்தினார். கிளாரினெட் மறுபடி மேலே போனது.

அவர் கை கீழே இறங்கியது. போனை எடுத்து நேரத்தைப் பார்த்தார். ஒரு மாதம் உழைத்தது, அவர் போக வேண்டிய படிப்பு, எல்லாம் எங்கள் காலடியில் போய்க்கொண்டிருக்கிறது, எங்களால் நிறுத்த முடியவில்லை. கத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் போனைத் தரையில் கவிழ்த்து வைத்தார். நடந்துகொண்டிருந்த ஜால்ராக்காரர் பக்கத்தில் வந்து, தண்ணீர்ச் சொம்பை வாங்குகிற மாதிரி ஒகெனேயைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். ஓர் அடிகூடத் தவறவில்லை. அப்படியே அந்தப் பெண்கள் வட்டத்துக்குள் போனார்.

அவர் ஆடியதை எனக்கு எழுதத் தெரியவில்லை. முதுகைக் கொஞ்சம் வளைத்து, தோள் ஒரு தாளத்தில், கால் ஒரு தாளத்தில் ஆடினார். பாட்டுக்குள் நாங்கள் எட்டுப் பேர் பிரித்துப் பிரித்து வாசித்துக்கொண்டிருந்ததெல்லாம் அந்த ஒரு உடம்பில் இருந்தது. அந்த அக்கா ஒரு நிமிடம் அவரைப் பார்த்தார், பிறகு தன் காலை மாற்றிக்கொண்டார். அவரும் அந்த அக்காவைப் பார்த்துத் தன் கையை மாற்றிக்கொண்டார். எவ்வளவு நேரம் சுற்றினோமோ.

முன்பு ஒரு நாள் அவர் சொல்லியிருந்தார். அவர்கள் ஊரில் ஆட்டம் எப்போது மாற வேண்டும் என்பதைத் தலைமை மேளக்காரர் ஆடுகிறவர்களைப் பார்த்துத்தான் முடிவு செய்வார், அதற்கு ஒரு சின்ன அழைப்பு அடிப்பார் என்று. அந்த அழைப்பை இந்தப் பாட்டில் அவர் டிரம்பெட்டுக்கு எழுதி வைத்திருந்தார். இப்போது அதை அவர் ஒகெனேயில் அடித்தார். முதல் முறை எங்களில் யாருக்கும் புரியவில்லை. இன்னொரு முறை அடித்தார். மச்சான் திரும்பிப் பார்த்து, டிரம்பெட்டை உயர்த்திப் பதில் ஊதினான். மாஸ்டரின் கிளாரினெட் கீழே வந்தது. நான் மாற்றும் அடியை அடித்தேன். அந்த நீளமான ஊதல் ஆட்டத்தின் மேல் வந்து உட்கார்ந்தது. பெண்கள் உடனே நிற்கவில்லை. மெதுவாக, மெதுவாக, ஊதல் அடங்க அடங்க அவர்கள் கால் அடங்கியது. எல்லாம் ஒன்றாக முடிந்தது.

அந்த அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இது நல்லாருக்கு மாஸ்டரு. எங்க வூட்டுக் கல்யாணத்துக்கு இதையே வாசிங்க" என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்தார்.

அவர் மேடை விளிம்பில் உட்கார்ந்து போனைத் திருப்பிப் பார்த்தார். அந்த வெளிநாட்டுக் காலேஜ் கொடுத்த நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஓடியிருந்தது.

"தப்பு என் மேலதான் தம்பி. கை தானா தூக்கிருச்சு" என்றார் மாஸ்டர்.

"இல்ல மாஸ்டர். ஆட்டத்தை எழுதினேன். ஆடுறவங்களுக்கு இடம் விடல." அவர் சிரிக்கத்தான் செய்தார். ஆனால் போன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நடுவுல வெட்டிட்டு அனுப்பேன். அவனுங்களுக்கு என்னா தெரியும்" என்றான் மச்சான்.

"வெட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க அண்ணா. எனக்கும் வெட்ட மனசு இல்ல."

உடனே இன்னொரு முறை வாசிக்கவும் வழியில்லை. டிரம்பெட்காரர்கள் இரண்டு பேருக்கும் உதடு வீங்கியிருந்தது. வெளியே லாரிகள் வர ஆரம்பித்துவிட்டன. எல்லாரும் அவரவர் வாத்தியத்தைத் துடைப்பது போல நின்றார்கள். அப்போது ஒரு குரல், "நாளைக்குக் காலையில இதே நேரத்துக்கு வாசிச்சிரலாம் தம்பி. நாளைக்குத்தான கடைசி நாளு" என்றது. அது என் குரல்தான். நான் கூட்டத்தில் தானாக வாயைத் திறந்ததை மச்சான் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறான். அவர் எழுந்து வந்து, டிரம்மோடு சேர்த்து என்னைக் கட்டிக்கொண்டார்.

பின்னால் நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவருக்கு இடம் கிடைத்தது. இப்போது அங்கேதான் படிக்கிறார். எப்போதாவது போன் செய்து மாஸ்டரிடம் புதுப் பாட்டு ஒன்றைப் பாடிக் காட்டுவார். அந்த நீளமான பதிவைத் தன் ஊருக்கு, அம்மாவுக்கு அனுப்பினாராம். முதல் பாதியில் ஒகெனே அடிப்பவன் எந்த ஊர்ப் பையன் என்று அம்மா கேட்டிருக்கிறார். ஜால்ராக்காரர் இதைச் சொல்லாத நாள் கிடையாது. எனக்கும் அந்தப் பதிவை அனுப்பியிருக்கிறார். காதில் மாட்டிக்கொண்டு கேட்டால், டிரம்முக்கு அடியில், தரையில் வெறுங்கால்கள் உரசுகிற சத்தம் மெல்லியதாகக் கேட்கும்.

மறுநாள் காலை அதே மண்டபத்தில் வாசித்தோம். கூட்டுகிற பெண்களுக்கு அன்று அங்கே வேலை இல்லை, வரவில்லை. யாரும் ஆடவில்லை. பாட்டு பத்து நிமிடத்துக்குள் முடிந்தது. அவர் மத்தியானம் பெரம்பலூர் பஸ் ஏறினார். சாயங்காலம் ஹாஸ்டலில் இருந்து அதை அனுப்பிவிட்டதாகப் போன் செய்தார்.